எட்டியும் தேற்றாவும்

மாணவர்கள் ஒற்றை இலையொன்றைக் கையிற் கொண்டுவந்து, "ஐயா, இஃது என்ன மரத்து இலை?" என வினவுவது வழக்கம். அவ்வார்வம் மெச்சத்தக்கதே. ஆயினும், இலையொன்றை மாத்திரம் கண்டு மரத்தின் பெயரைத் துணிந்து கூறுதல் தகாது. இலை பெரும்பாலும் மரத்தின் இனத்தையே காட்டும். அவ்வினத்துள் இன்ன மரம் என்பதைப் பூவும் கனியும் விதையுமே ஐயமறக் காட்டும். இதனை விளக்குவதற்கு நமது வன்னிக் காடுகளில் வளரும் இரு மரங்களை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம்.

ஒன்று, காஞ்சிரை எனவும் வழங்கும் எட்டி. மற்றையது தேற்றா. தாவரவியலார் இவ்விரண்டையும் ஓரினத்தில் அடக்குவர். ஆனால், முன்னையதன் விதை உயிரைப் போக்கும். பின்னையதன் விதை கலங்கிய நீரைத் தெளிவிக்கும்.

முதலில் இலையை நோக்குவோம். இரு மரங்களிலும் இலைகள் கொம்பின் இருபுறத்தும் எதிரெதிராக இணைந்து நிற்கும். இலையின் நடுநரம்போடு அடியிலிருந்தே வேறு நரம்புகளும் புறப்பட்டு, மூன்று அல்லது ஐந்தாக நுனியை நோக்கி வளைந்து செல்லும். கறுவா இலையிலும் இத்தகைய மூன்று நரம்புகளைக் காணலாம். ஆனால் கறுவா இலையைக் கசக்கினால் மணம் கமழும். இவற்றில் அம்மணம் இல்லை. எட்டியிலை சற்று அகன்று பளபளப்பாக இருக்கும். தேற்றா இலைக்குக் காம்பு மிகக் குறுகியது. எனினும் நிழலில் வளர்ந்த கொம்பின் இலை ஒருவிதமாகவும், வெட்டிய அடிமரத்தில் தளிர்த்த இலை வேறுவிதமாகவும் அமைதல் உண்டு. ஆதலால் இலையளவில் நின்று முடிவு கூறலாகாது.

இனிப் பூவைக் காண்போம். எட்டியின் பூக்கள் பசுமை கலந்த வெண்ணிறத்தன. சிறு குழல் போன்றவை. கிளை நுனிகளில் கொத்தாக மலர்பவை. தேற்றாவின் வெண்பூக்கள் இலைக்கக்கங்களில் தோன்றும், அவற்றின் குழல் குறுகியது, நறுமணம் உடையவை.

கனியோ எவ்வித ஐயத்தையும் அகற்றிவிடும். எட்டிப்பழம் சிறிய தோடம்பழம் போன்று உருண்டு, முதிர்ந்தபின் செம்மஞ்சள் நிறம் பெறும். கடினமான ஓட்டினுள் வெண்மையான சதையும், அதிலே சட்டைத் தெறிகள் போன்ற வட்டமான தட்டை விதைகளும் இருக்கும். விதைமேற் பட்டுப்போன்ற சாம்பல்நிற மயிர் படிந்திருக்கும். தேற்றாப்பழம் நாவற்பழம் அளவினது, பழுத்தபின் கறுக்கும். அதனுள் பெரும்பாலும் ஒரே விதைதான் உண்டு. அதுவும் எட்டிவிதை போலத் தட்டையாகாது சற்றுத் திரண்டிருக்கும்.

இவ்வேறுபாட்டை அறிவது பொழுதுபோக்கிற்காக மாத்திரமன்று. எட்டிவிதையில் உள்ள நஞ்சு ஸ்ட்ரிக்னைன். 1818ஆம் ஆண்டில் பெலெற்றியேர், கவாந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் இவ்வினத்து விதைகளிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். அது தசைகளை அடக்கியாளும் நரம்புச் செயலைத் தடுப்பதால், உடல் விறைத்து வலிப்பு உண்டாகி, மூச்சு நின்று மரணம் நேரும். சித்த வைத்தியர் எட்டிக்கொட்டையைச் சுத்தி செய்த பின்னரே மருந்திற் சேர்ப்பர். பழத்தின் அழகிய நிறம் சிறுவரைக் கவரத்தக்கது. குரங்கும் பறவையும் அதன் சதையை உண்பதுண்டு. அதுகண்டு மனிதருக்கும் அது தீங்கற்றதென எண்ணுதல் பேதைமை. பெற்றோர் இதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

தேற்றுதல் என்றால் தெளிவித்தல். அப்பெயர் அம்மரத்துக்குச் செய்கையால் வந்தது. கலித்தொகையில் இம்மரம் 'இல்லம்' என்னும் பெயரால் குறிக்கப்பட்டு, அதன் விதை நீரைத் தெளிவித்தல் உவமையாகவும் கூறப்பட்டுள்ளது. மட்பாண்டத்தின் உட்புறத்தில் விதையைத் தேய்த்துக் கலங்கல் நீரை வார்த்துவைத்தால், விதையிலிருந்து கரையும் பொருள் நுண்ணிய மண் துகள்களை ஒன்றுசேர்க்கும்; அவை கனத்து அடியிற் படியும். ஆயினும் தெளிந்த நீரெல்லாம் தூய நீராகாது. நோய்க்கிருமிகள் அதில் எஞ்சியிருக்கக்கூடும். ஆகவே தேற்றிய நீரையும் கொதிக்கவைத்தே பருகுதல் வேண்டும்.

மரங்களை அறிய விரும்பும் மாணவர்க்கு ஒரு யோசனை. இலையைத் தனியே பறிக்காது, இலைகள் இணைந்த சிறு கொம்பாகக் கொள்ளுங்கள். அதே மரத்தின் பூவையும் காயையும் அவ்வப் பருவத்தில் சேருங்கள். பத்திரிகைத் தாள்களுக்கிடையே வைத்துப் பாரமேற்றி உலர்த்துங்கள். இடம், நாள், மரத்தின் உயரம், பட்டையின் தன்மை, ஊரார் வழங்கும் பெயர் ஆகியவற்றை அருகே எழுதிவையுங்கள். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஹென்றி திரைமென், 1893இல் வெளிவரத் தொடங்கிய தம் இலங்கைத் தாவர நூலில், விஞ்ஞானப் பெயரோடு தமிழ், சிங்களப் பெயர்களையும் குறித்துவைத்தார்.

அறியாத மரத்தின் எவ்வுறுப்பையும் நாவில் வைத்துச் சோதிக்க வேண்டாம். எட்டியை அவ்வாறு சோதித்து அறிய முற்படுபவர் அவ்வறிவைப் பிறர்க்குச் சொல்ல இருப்பாரோ என்பது ஐயமே. கண்ணும் பொறுமையும் போதும். பூக்கும் காலம்வரை காத்திருங்கள். மரம் தன் பெயரைத் தானே கூறும்.