காதில் கிளிப், வயிற்றில் வேலை: ஆர்டர் போடும் முன் யோசியுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வந்ததும் பலர் முதலில் தேடுவது தங்கள் நோயைத்தான். திருப்பூரில் நிட்டிங் மிஷின் ஓட்டும் என் மாமாவும் அப்படித்தான். நைட் ஷிப்ட்டில் நேரம் தவறிச் சாப்பிட்டு, பல மாதங்களாக வயிற்று உப்புசம். "மாப்ளே, காதுல கிளிப் மாட்டுனா செரிமானம் ஆகும்னு போட்டிருக்கான். ஆர்டர் போட்டுடட்டுமா?" என்று போனில் கேட்டார்.

சிரிக்க வேண்டாம், இதில் உண்மை உண்டு. மூளையிலிருந்து வயிறு வரை செல்லும் வேகஸ் நரம்பின் ஒரு சிறு கிளை வெளிக்காதுக்கும் வருகிறது. காதில் பட்ஸ் விடும்போது சிலருக்கு இருமல் வருவது இதனால்தான். அங்கே மெல்லிய மின்துடிப்பு கொடுத்தால் சிக்னல் மூளைத்தண்டுக்குப் போகும். அங்கிருந்து வயிற்றின் அசைவும் மாறலாம்.

மாமாவுக்கு அவர் மிஷினை வைத்தே விளக்கினேன். நூல் அறுந்தால் சென்சார் சொல்லும், மிஷின் நின்றுவிடும். வேகஸ் நரம்பிலும் சுமார் 80 சதவீத இழைகள் உடலிலிருந்து மூளைக்குச் செய்தி சொல்பவையே. காதில் கிளிப் மாட்டுவது மோட்டாரைத் தொடுவது அல்ல. சென்சார் ஒயரில் சிக்னல் அனுப்பிப் பார்ப்பது. வேகம் கூடுமா, குறையுமா என்பது கன்ட்ரோல் போர்டின் முடிவு.

ஆய்வுகளும் அப்படித்தான் சொல்கின்றன. வயிறு நிமிடத்துக்குச் சுமார் 3 முறை அலையாகச் சுருங்குகிறது. சில ஆய்வுகளில் இந்த அலை சீரானது. 2020ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்விலோ அதன் வேகம் சற்றுக் குறைந்தது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2019ல் காதின் பின்னால் பொருத்தும் ஒரு கருவியை அனுமதித்தது. அதுவும் குடல் எரிச்சல் நோயுள்ள 11 முதல் 18 வயதினரின் வயிற்று வலிக்கு, டாக்டர் சீட்டுடன் மட்டுமே.

சாப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் என் கருத்து இதுதான்: இது நல்ல ஐடியா, ஆனால் இன்னும் பீட்டா வெர்ஷன். பீட்டா சாப்ட்வேர் சொதப்பினால் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யலாம். வயிற்றை ஃபார்மட் செய்ய முடியாது. கிளிப்பை நம்பி அல்சரையோ சர்க்கரை நோயையோ கவனிக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும், அவற்றுக்கான சாப்ட்வேர் உட்பட, 2017ம் ஆண்டு விதிகளின் கீழ் வருகின்றன. எனவே வாங்கும் முன் பெட்டியில் லைசென்ஸ் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். ரத்த வாந்தி, கறுப்பு மலம், எடை குறைதல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாமா ஆர்டர் போடவில்லை. இப்போது ஷிப்ட் நடுவே நேரத்துக்குச் சாப்பிடுகிறார். டாக்டரிடமும் போய் வந்தார். "கிளிப் காசு மிச்சம் மாப்ளே" என்கிறார்.