ஊராரின் இசைவு



புதிதாகத் தொழில் தொடங்குவோர் நம்மை மந்திரிக்க அழைக்கும்போது, உரிமப் பத்திரத்தை மகிழ்வோடு காட்டுவார்கள். “அக்கம்பக்கத்தாரைக் கேட்டீர்களா?” என்று வினவினால், “அரசாங்கமே அனுமதி தந்துவிட்டதே, சாமி!” என்பதே பெரும்பாலும் விடை. அந்த விடை போதுமா என்று சற்றே எண்ணிப் பார்ப்போம்.

பழனியிலிருந்து உடுமலை, பொள்ளாச்சி வழியே மேற்கே சென்று கேரள எல்லையைக் கடந்தால், பாலக்காடு மாவட்டத்துப் பெருமாட்டி ஊராட்சியில் பிளாச்சிமடா என்னும் சிற்றூர் உள்ளது. 2000-ஆம் ஆண்டில் அங்கே கோக்க கோலா நிறுவனத்தார் ஆலை ஒன்றைத் தொடங்கினர். ஊராட்சியே உரிமம் வழங்கியது. ஆனால், கிணறுகள் வற்றுகின்றன, எஞ்சிய நீரும் குடிக்கவோ சமைக்கவோ உதவவில்லை என்று மக்கள் முறையிடலாயினர். 2002 ஏப்ரலில் மயிலம்மா முதலான பழங்குடிப் பெண்கள் ஆலையின் முன் அறப்போராட்டம் தொடங்கினர். உரம் என்று உழவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆலைக் கழிவில் காட்மியம், காரீயம் ஆகிய நச்சு உலோகங்கள் இருப்பது 2003-இல் சோதனையில் தெரிந்தது. உரிமம் தந்த அதே ஊராட்சி அவ்வாண்டில் அதைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

பின்பு நிகழ்ந்ததே நமக்குப் பாடம். நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் நீர் எடுக்கலாம் என்று 2005-இல் கேரள உயர்நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வழக்கில் வென்றும் ஆலை நிலைத்து இயங்கவில்லை. அங்கே மீண்டும் உற்பத்தி செய்யும் எண்ணமில்லை என்று 2017-இல் நிறுவனமே உச்சநீதிமன்றத்தில் தெரிவித்துவிட்டது. பணத்துக்கோ வழக்கறிஞர்களுக்கோ அதற்குப் பஞ்சமில்லை. ஊராரின் நம்பிக்கை ஒன்றையே அது இழந்திருந்தது.

நம்முடையது சிறுதொழில்தானே என்று எண்ணிவிட வேண்டாம். தென்னைநார்க் கழிவைக் கழுவிய உப்புநீர் அண்டை நிலத்தில் இறங்கினால், கெடுவது ஒரு குடும்பத்தின் கிணறு. கோழிப்பண்ணையின் ஈக்களுக்கு வேலி தெரியாது. ஆகவே, ஆழ்துளைக் கிணறு தோண்டுமுன் அண்டை வீட்டாரோடு பேசுங்கள். கழிவுநீர் எங்கே போகும் என்பதை அவர்கள் கேட்குமுன் சொல்லுங்கள். வேலைக்கு முதலில் உள்ளூராரை அழையுங்கள். குறை சொல்ல வருபவரைப் பகைவராகக் கருதாமல் திண்ணையில் அமரச் செய்து கேளுங்கள். உரிமத்தைப் போலவே இந்த நல்லுறவையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

அடுத்த முறை நாம் மந்திரிக்க வரும்போது, உரிமப் பத்திரத்தோடு உங்கள் அண்டை வீட்டாரையும் அங்கே காண விழைகிறோம்.