சிலிண்டருக்குள் இருப்பது என்ன?

2021 ஆம் ஆண்டின் நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாட்டின் பல பாகங்களிலும் சமையலறைகளில் எரிவாயு அடுப்புகளும் அவற்றின் குழாய்களும் அடுத்தடுத்து வெடித்துச் சிதறியதை மக்கள் இலகுவில் மறந்திருக்க மாட்டார்கள். உயிர்களும் பலியாகின. அச்சத்தினால் விறகடுப்புக்குத் திரும்பியவர்களும் உண்டு. அன்றைய ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு, வாயுக் கலவையின் விகிதம் மாறியதையே பிரதான காரணமாகச் சுட்டிக்காட்டியது. கலவை விகிதத்தைச் சிலிண்டரில் பொறிக்க வேண்டும் என்ற விடயம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. 2022 இல் ஒரு சிலிண்டருக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நிற்க நேர்ந்ததும் அந்தப் பேச்சு அடங்கிப் போனது. கிடைத்தாலே போதும் என்றிருந்தவர்கள் கலவையைப் பற்றி எங்ஙனம் கேட்பார்கள்?

சமையல் எரிவாயு என்பது பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் ஆகிய இரு ஐதரோகாபன்களின் கலவையாகும். நமது நாட்டின் வெப்பநிலையில் புரொப்பேனின் அமுக்கம் பியூட்டேனின் அமுக்கத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. பியூட்டேன் மிகுந்த கலவைக்குப் பழகிய வீடுகளில், தேய்ந்த ரெகுலேட்டரும் வெடிப்புற்ற குழாயும் அதுவரை தாக்குப்பிடித்திருக்கலாம். புரொப்பேன் கூடியதும் அவை கசியத் தொடங்குவதில் வியப்பில்லை. கசியும் வாயு வளியை விடப் பாரமானது. மேலெழுந்து கலைந்து செல்லாமல் தரையோடு தேங்கி நிற்கும்.

கலவையை அறிய ஆய்வுகூடங்களில் கைக்கொள்ளப்படுவது காஸ் குரோமட்டோகிராபி எனப்படும் வாயு நிறப்பகுப்பு முறையாகும். ஜேம்ஸ், மார்ட்டின் ஆகிய பிரித்தானிய விஞ்ஞானிகள் 1952 இல் இதனை வெளியிட்டனர். சிறிதளவு மாதிரியை ஹீலியம் போன்றதொரு வாயு நீண்ட, மெல்லிய குழாய் ஒன்றினூடாகத் தள்ளிச் செல்லும். குழாயின் உட்பூச்சு ஒவ்வொரு சேர்மத்தையும் வெவ்வேறு நேரம் தடுத்து வைப்பதால், அவை ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்து வரைபடத்தில் தனித்தனி முகடுகளாகப் பதிவாகின்றன. முகட்டின் பரப்பைக் கொண்டு ஒவ்வொன்றின் பங்கையும் கணிக்கலாம். சில நிமிடங்களில் முடியும் காரியம் இது.

ஆனால் கருவிக்குக் கொடுக்கப்பட்ட மாதிரியைத்தான் கருவி அளக்கும். இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டியுள்ளது. சிலிண்டரின் அடியில் திரவமும் மேலே ஆவியும் உள்ளன. இலகுவில் ஆவியாகும் புரொப்பேன் மேற்பகுதியில் கூடுதலாகச் சேரும். எனவே வாயிலில் இருந்து வரும் ஆவியை மட்டும் பிடித்தால் புரொப்பேனின் பங்கு உண்மையை விட அதிகமாகத் தோன்றும். பாவித்து முடியும் தறுவாயிலுள்ள சிலிண்டரில் எடுத்தால் நிலைமை தலைகீழாகும். ஒரே கப்பலின் எரிவாயுவுக்கு இரண்டு அறிக்கைகளைப் பெற, எவரும் பொய் சொல்லத் தேவையில்லை!

மணம் இன்னொரு விடயம். இவ்வாயுக்களுக்கு இயற்கையில் மணம் இல்லாதபடியால் எதைல் மேர்கப்டன் சேர்க்கப்படுகிறது. அது போதாமையால் 2021 டிசம்பரில் கப்பலிலிருந்து எரிவாயுவை இறக்க அனுமதி மறுக்கப்பட்டது. மிக நுண்ணிய அளவிலேயே அது கலந்திருப்பதால், ஐதரோகாபன்களைக் கணிக்கும் சாதாரண சுவாலை உணரி அதற்குப் போதாது. கந்தகத்தைக் கண்டறியும் தனி உணரி வேண்டும். புரொப்பேன் விகிதத்தை மட்டும் கூறும் சான்றிதழ் மணத்துக்கு உத்தரவாதமாகாது.

ஆகவே, கலவை சரியானது என்று அதிகாரிகள் வாயால் சொல்வது போதுமானதன்று. கப்பலிலும், நிரப்பும் நிலையத்திலும், மூலைக்கடையிலும் எழுந்தமானமாக மாதிரிகள் எடுக்கப்பட வேண்டும். எடுப்பவர் விற்பனையாளராகவோ அவரது ஊழியராகவோ இருத்தலாகாது. திரவ நிலையில் எடுக்கப்பட்டதா, எங்கு, என்று, யாரால் என்பன யாவும் அறிக்கையில் இடம்பெற வேண்டும். அந்த அறிக்கையும் கோப்புக்குள் உறங்காமல், ஒவ்வொரு கப்பலுக்கும் மூன்று மொழிகளிலும் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும்.