அக்காள் கேட்ட புத்தகம்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள், ஓசூரை அடுத்த பேரிகையில் இருக்கும் என் அக்காள் வீட்டிற்குப் புறப்பட்டேன். நீண்ட காய்ச்சலிலிருந்து எழுந்திருந்த எனக்கு, எட்டு நாட்களாவது வேலை எதுவுமின்றி ஓய்வெடுக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பையில் துணிமணிகளோடு ஒரே ஒரு புத்தகத்தையும் வைத்துக்கொண்டேன். வாங்கிப் பல ஆண்டுகளாகியும் முழுதாகப் படிக்காமல் கிடந்த புத்தகம் அது.

பேரிகை கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். வெயில் காலத்திலும் காலையில் குளிர் காற்று வீசும். ஒரு பக்கம் தக்காளியும் கோசும், மறுபக்கம் ரோஜாத் தோட்டங்கள். கடைத்தெருவில் தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது என நான்கு மொழிகளும் கலந்து ஒலிக்கின்றன. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே வாழும் அக்காள் நான்கிலும் பேசி வியாபாரம் செய்கிறார். எழுதப் படிக்கத் தெரிந்ததோ தமிழ் ஒன்றுதான்.

முதல் நாள் இரண்டு பக்கங்களுக்கு மேல் என்னால் படிக்க இயலவில்லை. ஒரு பத்தி முடிவதற்குள் கை தானாகவே கைப்பேசியைத் தேடியது. படித்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். வாசிப்பைப் பற்றி மேடைகளில் முழங்கியவன் நான். கடைசியாக ஒரு நூலை முதலிலிருந்து முடிவுவரை எப்போது படித்தேன் என்று எண்ணிப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. இரண்டாம் நாள் கைப்பேசியை மச்சானின் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னேன். மூன்றாம் நாள், அஸர் தொழுகைக்குப் பின் திண்ணையில் அமர்ந்தவன், மஃரிப் பாங்கு சொல்லும்வரை தலை நிமிரவில்லை. இளமையில் பழகிய அந்த இன்பம் என்னை விட்டுப் போய்விடவில்லை. அழைக்கப்படாமல் வாசலில் காத்திருந்திருக்கிறது.

தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’தான் அந்தப் புத்தகம். முஸ்லிம் முரசு இதழில் தொடராக வந்து, 1988இல் நூலாயிற்று. மிளகாய் வற்றல் வியாபாரம் செய்துகொண்டே எழுதிய அப்பெருமகனார், ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்காக 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார், 2019இல் மறைந்தார். ஊருக்குள் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை, அதிகாரம் படைத்த பெரிய வீட்டு முதலாளி எதிர்ப்பது அக்கதையின் முக்கியமான இழை.

நான்காம் நாள் இரவு அக்காள் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார்: “தம்பி, தனியாகச் சிரிக்கிறாயே, அப்படி என்ன எழுதியிருக்கிறது?” நான் உரக்கப் படித்தேன். பூண்டு உரிப்பது நின்றுபோயிற்று. மறுநாள் நான் தூங்கி எழுந்தபோது, மச்சானின் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்து அக்காளே படித்துக்கொண்டிருந்தார்.

“எழுத்து மறந்திருக்கும் என்று நினைத்தேன், மறக்கவில்லை” என்றார். சற்று நேரம் கழித்து, “நீ கல்லூரிக்குப் போனதும் நூலகப் புத்தகம் வருவது நின்றுவிட்டது. நானும் அன்றோடு விட்டுவிட்டேன்” என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அது நெஞ்சில் தைத்தது.

எட்டாம் வகுப்போடு அத்தா அக்காளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். எங்கள் ஊர்க் கிளை நூலகம் கடைத்தெருவில் இருந்ததால் பெண்பிள்ளைகள் அங்கே போவதில்லை. வாரந்தோறும் என் பெயரில் புத்தகம் எடுத்து அவருக்குக் கொண்டுவந்து கொடுப்பேன். பிறகு வெளியூருக்குப் படிக்கப் போனேன். ஒரு பெண்ணின் வாசிப்பு முழுவதும் என் கையில் இருந்தது என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நினைவுக்கும் வரவில்லை. பள்ளி வேண்டாம் என்ற அந்தக் கதை முதலாளியை எண்ணி எள்ளி நகைத்த எனக்கு, பாராமுகமும் ஒரு கதவடைப்புதான் என்பது அப்போது புரிந்தது.

நாகூரில் மூன்றாம் வகுப்பு மட்டுமே படித்த சித்தி ஜுனைதா பேகம், 1938இல் ‘காதலா? கடமையா?’ என்னும் நாவலை வெளியிட்டார். உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். துவரங்குறிச்சியில் ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட சல்மா, 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ எழுதினார். பள்ளி நின்றபோதும் இவர்களுக்குப் புத்தகம் நிற்கவில்லை. நம் வீடுகளில் எத்தனை பெண்களுக்கு இரண்டுமே நின்றுபோயினவோ, யாரறிவார்!

இத்தனைக்கும் 1948இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின்படி, நாம் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. புத்தகத்துக்கு நாம் ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டோம். எடுத்துவந்து வீட்டுப் பெண்கள் கையில் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி.

அக்காளின் மகன் ஓசூரில் தொழிற்சாலையொன்றில் பணிபுரிகிறார். முறை வேலைக்காகத் தினமும் போய்வருபவர். “மாப்பிள்ளை, அங்குள்ள நூலகத்தில் உறுப்பினராகி உம் தாயாருக்கு மாதம் இரண்டு புத்தகமாவது கொண்டுவாரும், நான் செய்த தவறை நீர் செய்யாதீர்” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். அக்காளுக்கு இன்னும் முப்பது பக்கங்கள் மீதமிருந்தன. ஆகவே நூலை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஊர் திரும்பிய நான்காம் நாள் தொலைபேசி ஒலித்தது. ஸலாம் சொன்ன கையோடு அக்காள் கேட்டார்: “முடித்துவிட்டேன் தம்பி. மருமகப்பிள்ளை நூலகத்துக்குப் போக வெள்ளிக்கிழமை ஆகுமாம். அதுவரை நான் என்ன படிப்பது?”

அன்றே ஒரு புத்தகத்தைத் தபாலில் அனுப்பினேன்.