எந்தத் தளபதியின் பெயரில் வீதி?

கொழும்பின் வெள்ளவத்தையில் நெல்சன் பிளேஸ் இருக்கிறது. கொலிங்வுட் பிளேஸும் இருக்கிறது. 1805இல் டிரபல்கர் கடற்போரில் பிரித்தானியக் கடற்படையை நடத்திய இரு தளபதிகளின் பெயர்கள் இவை. சோமாலிலாந்தில் படை நடத்தி, பின்னர் 1918 முதல் 1925 வரை இலங்கையை ஆண்ட வில்லியம் மானிங்கின் பெயர் மானிங் பிளேஸில் நிலைத்திருக்கிறது. இந்த மண்ணில் பிறந்து இந்நாட்டுச் சீருடை அணிந்தவர்களுக்கும் இங்கே இடம் வேண்டும்.

அந்த வரிசையில் முதலில் வரவேண்டியவர் மேஜர் ஜெனரல் அன்ரன் முத்துக்குமாரு. கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியிலும் ஒக்ஸ்போர்ட்டிலும் படித்த சட்டத்தரணி. இலங்கை இலகு காலாட்படையில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பணிபுரிந்து, 1955இல் இராணுவத் தளபதியானார். அதுவரை அப்பதவியில் பிரித்தானியரே இருந்தனர். அதை ஏற்ற முதல் இலங்கையர் ஒரு தமிழர் என்பது வெள்ளவத்தையில் வளரும் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

1958 மே மாதம் தமிழர் தாக்கப்பட்டு, கொழும்பிலிருந்து அகதிகள் கப்பலில் யாழ்ப்பாணம் போனபோது, அவசரகாலச் சட்டத்தின் கீழ் அமைதியை நிலைநாட்ட இறக்கப்பட்ட இராணுவத்துக்கு அவரே தளபதி.

அவருக்கு அடுத்து, 1960 முதல் 1970 வரை கடற்படைத் தளபதியாக இருந்த ராஜன் கதிர்காமர், முன்னாள் வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமரின் அண்ணன். பிரித்தானிய விமானப்படையில் போரிட்டு வீர விருது பெற்று, 1962இல் இலங்கை விமானப்படையின் முதல் இலங்கைத் தளபதியான ரொஹான் அமரசேகரவையும் சேர்த்தால், முப்படைக்கும் ஒவ்வொரு பெயர் கிடைக்கிறது.

இராணுவம் என்றதும் இங்குள்ள தமிழருக்குச் சோதனைச்சாவடியும் நள்ளிரவுச் சுற்றிவளைப்பும் நினைவுக்கு வருகின்றன. அந்தக் கசப்பு நியாயமானது. அதைத் தள்ளிவிட்டு எந்தப் பலகையும் நாட்டக்கூடாது. தெற்கின் ஊர்களில் போரில் மாண்ட படையினரின் பெயர்கள் வீதிகளுக்கு இடப்பட்டுள்ளன. அவர்களை அறிந்த ஊர் அவர்களை நினைப்பது இயல்பு. பிள்ளையை இழந்த தாயின் துயரத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் மூவின மக்களும் நெருங்கி வாழும் கொழும்பின் வீதிக்கு, எல்லோரும் தயங்காமல் சொல்லக்கூடிய பெயரே பொருந்தும். உள்நாட்டுப் போருக்கு முந்திய இம்மூவரின் பெயர்கள் அத்தகையவை.

பெயரும் இடமும் பொருந்திய முன்மாதிரிகள் கைவசமே உள்ளன. வெள்ளவத்தையின் ஹை ஸ்ட்ரீட், அங்கே வாழ்ந்த சிங்கள நாவலாசிரியர் டபிள்யூ. ஏ. சில்வாவின் பெயரில் மாவத்தையானது. கொழும்பு 13இல், 1937இல் மாநகரின் முதல் மேயரான சேர் இரத்தினசோதி சரவணமுத்துவின் பெயரில் வீதி இருக்கிறது.

இதற்காக நெல்சனை அகற்றவேண்டியதில்லை. வெள்ளவத்தையில் 42ஆம், 57ஆம் ஒழுங்கை என்று இலக்கத்தால் மட்டும் அறியப்படும் ஒழுங்கைகள் உள்ளன, அவற்றிலிருந்து தொடங்கலாம். உறுதிப்பத்திரமும் அடையாள அட்டையும் குழம்பாதிருக்க, பழைய இலக்கம் சில ஆண்டுகள் பெயருக்குக் கீழே இருக்கட்டும். பெயர்ப்பலகையில், அப்பெயருக்குரியவர் யார், என்ன செய்தார் என்று இரண்டு வரிகள் மூன்று மொழியிலும் எழுதப்படவேண்டும்.

கொழும்பு மாநகர சபை முதலில் வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையையும் கொழும்பு 13இன் கொட்டாஞ்சேனையில் ஒரு வீதியையும் தெரிந்தெடுத்து, அங்கு குடியிருப்போரின் கருத்தை எழுத்தில் கேட்கவேண்டும்.