உச்சரிப்பிலே ஒரு சாதியா?

புத்தளத்தை அடுத்த தில்லையடியில் வாழும் இளைஞர் ஒருவர் அண்மையில் தலைநகரிலே ஓர் உத்தியோகத்துக்கான நேர்முகப் பரீட்சைக்குச் சென்றார். கணக்கியலில் நல்ல தேர்ச்சி பெற்றவர். கடனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எழுத்தில் உள்ளபடியே ‘டெப்ட்’ என்றார். மேசைக்கு அப்பால் இருந்தோர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர். அதன்பின் அவருடைய கணக்கறிவு பற்றி ஒரு வினாவும் எழவில்லை. சிரித்தவர்களிலே தமிழரும் இருந்தனர் என்பதே எம் நெஞ்சில் உறுத்துகின்றது.

நாம் கேட்கின்றோம்: ‘டெட்’ என்று ஒலிக்க வேண்டிய சொல்லுக்குள் ‘பி’ என்ற எழுத்தைச் செருகியவர் தில்லையடி இளைஞரா? பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அச்சொல்லில் அந்த எழுத்து இல்லை. இலத்தீன் மூலத்தைக் காட்டிப் பெருமை கொள்ள விரும்பிய பண்டிதர்கள் பிற்காலத்தில் அதைப் புகுத்தினார்கள். மக்களின் நாவோ அதை ஏற்கவில்லை. பற்றுச்சீட்டாகிய ‘ரிசீட்’டில் ஒலிக்காத ‘பி’யின் கதையும் இதுவே. (ஆங்கிலத்தில் வேறான இவ்விரண்டு எழுத்துகளையும் தமிழில் ‘பி’ என்றே எழுத வேண்டியிருப்பதைப் பின்னர் கவனிப்போம்.) தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’டில் ‘எஸ்’ புகுந்ததும் பண்டிதர் செய்த பிழையே. கடனும் பற்றுச்சீட்டும் எங்கள் விவசாயிகள் நாள்தோறும் கையாளும் சொற்கள். பிழை அவர்கள் பண்டிதருடையது. ஏளனம் எங்கள் விவசாயியின் மகனுக்கா?

ஆங்கிலேயரே தம் சொற்களை எப்படி ஒலிப்பது என்று தெளிவில்லாமல் இருந்தவர்கள். 1926இல் பி.பி.சி. தன் அறிவிப்பாளர்களுக்கு உச்சரிப்பு வகுத்துக் கொடுக்க ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. அரசவைக் கவிஞர் ரொபர்ட் பிரிட்ஜஸ் தலைவராகவும் பேர்னாட் ஷா உறுப்பினராகவும் அதில் இருந்தனர். பெரும் புலவர்கள் கூடியிருந்து விவாதித்த ஒன்றை, பாடசாலையில் ஆங்கில ஆசிரியரைக் காணாத பிள்ளை தானே அறிந்திருக்க வேண்டுமாம்! சிரிக்கும் கனவான்கள் பலர் உச்சரிப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே ‘புரொனவுன்சியேஷன்’ என்று சொல்லித் திரிகின்றனர். அது ‘புரொனன்சியேஷன்’ என்பதை யார் அவர்களுக்குச் சொல்வது?

இலங்கையில் ஆங்கிலத்துக்குச் சிங்கள மாணவர் இட்ட பெயர் ‘கடுவ’, அதாவது வாள். தெரியாதவனை வெட்டி வீழ்த்தும் கருவி என்பது பொருள். பேராசிரியர் திரு கந்தையா 1984இல் இச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு, ஆங்கிலம் ஆதிக்கக் கருவியானதை ஆராய்ந்து எழுதினார். மண்டபத்தையும் துளையையும் குறிக்கும் சொற்களின் உயிரொலியை மாற்றிச் சொல்வோரை ‘நொட் பொட்’ என்று பழிப்பது கொழும்பின் வழக்கம். இந்த வாள் சிங்களக் கிராமத்தானையும் தமிழ் பேசும் கிராமத்தானையும் ஒரே வீச்சில் வெட்டுகின்றது.

நாவைச் சோதித்து மனிதனைத் தரம் பிரிப்பதன் கொடுமையை எம்மைவிட நன்கறிந்தவர் யார்? 1983 ஆடியிலே வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லித் தமிழரை இனங்கண்டு தாக்கினார்களே! அந்த அனுபவம் பெற்ற இனத்தவர், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுத் தில்லையடி போன்ற இடங்களில் முகாம் வாழ்வு வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளையை ஒரு சொல்லுக்காகச் சிரித்து அனுப்புவதா? பதின்மூன்றாம் திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. இணைக்க வந்ததைப் பிரிக்கும் மொழி ஆக்கியவர்கள் நம்மவர்களே.

ஆயினும் எப்படி உச்சரித்தாலும் சரி என்று நாம் சொல்ல வரவில்லை. பொருள் கெடும் இடத்தில் உச்சரிப்பு திருந்தியே ஆகவேண்டும். எம் மாணவர் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி மனனம் செய்கின்றனர். கேடு அங்கேதான் தொடங்குகின்றது. ஈழத்து வழக்கில் கூடாரமும் ‘ரென்ற்’, வாடகையும் ‘ரென்ற்’. எழுதும்போது இரண்டும் ஒன்று. பேசும்போதும் ஒன்றாகிவிட்டால் முகாமில் இருந்தவன் வாடகை வீட்டைக் கேட்கிறானா, கூடாரத்தைக் கேட்கிறானா? மாத்திரையும் ‘பில்’, விலைச்சீட்டும் ‘பில்’.

இதற்குத் தீர்வு எங்கள் வாயிலேயே இருக்கின்றது. ‘அப்பா’ என்னும்போது ஒலிக்கும் பகரமும் ‘தம்பி’ என்னும்போது ஒலிக்கும் பகரமும் ஒன்றல்ல. தம்பியில் உள்ளதை எடுத்துச் சொல்லின் முதலில் வைத்தால் விலைச்சீட்டு. அப்பாவில் உள்ளதை வைத்துச் சிறிது மூச்சை ஊதினால் மாத்திரை. ‘எஃப்’ ஒலி வராது என்று அஞ்சுவோர் தொல்காப்பியத்தின் பிறப்பியலைத் திறந்து பார்க்கட்டும். வகரம் பல்லும் இதழும் பொருந்தப் பிறப்பது என்று அவர் வகுத்திருக்கின்றார். அதே இடத்தில் குரலை நிறுத்திக் காற்றை மட்டும் விட்டால் அந்த ஒலி வந்துவிடும்.

மற்றொன்று அழுத்தம். தமிழில் சொல்லின் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது, ஆங்கிலத்தில் அப்படியன்று. ‘பெர்மிட்’ என்பதில் முதலசையை அழுத்தினால் அனுமதிப்பத்திரம், ஈற்றசையை அழுத்தினால் அனுமதித்தல். ‘டெவலப்’ என்று முதலில் அழுத்திச் சொல்லும் அதிகாரிகள் எத்தனை பேர்! அழுத்தம் இரண்டாம் அசையில் விழவேண்டும்: ‘டிவெலப்’. கற்பிட்டிப் பக்கத்து மரக்கறித் தோட்டக்காரர் ‘வெஜிடேபிள்’ என்றால் அதிலே மேசையைக் கொண்டுவந்து போடுகின்றார். ‘வெஜ்டபிள்’ என்று விரைந்து முடிப்பதே ஆங்கில வழக்கு. ஆனால் அவர் சொன்னதும் எவருக்கும் விளங்கும். அதற்காக அவரைத் தடுத்து நிறுத்துவது அற்பத்தனம்.

கற்பிட்டியைக் ‘கல்பெண்டைன்’ என்று சிதைத்தவர் ஒல்லாந்தர். திருகோணமலையும் மட்டக்களப்பும் ஐரோப்பியர் வாயில் பட்ட பாடு உலகறியும். எங்கள் கடலோடிகளின் கட்டுமரத்தை ஆங்கிலேயர் ‘கற்றமரான்’ ஆக்கினர். அவர்களை எவரும் நேர்முகப் பரீட்சையில் நிறுத்திச் சிரிக்கவில்லை.

தில்லையடி மாணவருக்கு நாம் கூறுவது: அகராதியில் சொல்லைக் கண்டதும் கைத்தொலைபேசியில் அதன் ஒலியை மும்முறை கேளுங்கள், உரத்துச் சொல்லுங்கள், அதன் பின்பே எழுதுங்கள், அதுவும் ஆங்கில எழுத்திலேயே. ஆங்கிலம் கற்ற எம் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் பொறியியலாளரும் விடுமுறைக்கு ஊர் வரும்போது மாலையில் ஒரு மணி நேரம் அப்பிள்ளைகளோடு அமர்ந்து ஆங்கிலத்தில் பேசட்டும். பிழை கண்டால் சொல்லைத் திருத்திக் கொடுக்கட்டும். முகத்தைச் சுளிக்க வேண்டாம்.