கட்டிங் மேசைக்குக் கீழே

எங்கள் தளவாய்புரத்தில் நைட்டி தைக்காத தெரு குறைவு. அவசரத்தில், ஆர்டர் உறுதியாகும் முன்பே துணியை வெட்டி வைப்பவர்கள் உண்டு. ஆர்டர் வராவிட்டால் வெட்டியதை ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் கீழே கிடக்கும் வெட்டுத்துண்டைப் பார்த்தே விவரம் தெரிந்தவர் டிசைனைச் சொல்லிவிடுவார்.

2018 ஜனவரியில் வெளியான 'மெல்ட்டவுன்' கோளாறும் இதே கதைதான். வேகத்துக்காக, அனுமதி உண்டா என்று பார்த்து முடிக்கும் முன்பே இன்டெல் பிராசஸர் வேலையைத் தொடங்கிவிடும். அனுமதி இல்லையென்றால் விடையை வீசிவிடும். கேஷ் நினைவகத்தில் சுவடு மட்டும் மிஞ்சும். அதைக் கொண்டு ஒரு சாதாரண புரோகிராம், இயங்குதளத்தின் மையமான கெர்னல் காத்துவைத்திருக்கும் பாஸ்வேர்டைக்கூடப் படித்துவிடலாம். பூட்டு உடையாது. வழக்கமான பதிவுக் கோப்புகளில் தடயமும் இருக்காது. பறிபோனதே நமக்குத் தெரியாது என்பதுதான் எனக்குப் பயம்.

லினக்ஸ், விண்டோஸ் எல்லாம் அப்டேட் மூலம் கெர்னலின் நினைவகத்தைத் தனியே பிரித்து மறைத்தன. அதற்கு விலையாக வேகம் சற்றுக் குறைந்தது.

"அப்டேட் போடாதீங்க தாத்தா, சிஸ்டம் ஸ்லோ ஆயிடும்" என்றான் பக்கத்து வீட்டுப் பையன். பென்ஷன் கணக்கை இந்தக் கம்ப்யூட்டரில்தான் பார்க்கிறேன். "ஆகட்டும்ப்பா" என்றேன். ரிட்டயர் ஆனவனுக்கு என்ன அவசரம்?